14 நாள் அவசரம்: டெட்ராய்ட்டுக்கு மேயராக வந்தவரின் கதை

2013 ஏப்ரல் 2 அன்று மைக் டகன் என்பவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் மேயர் தேர்தலுக்கு வேட்புமனு கொடுத்தார். கடைசித் தேதி மே 14. இன்னும் ஆறு வாரம் கையில் இருந்தது. ஆனால் ஆளுக்கு அவசரம், மற்றவர்களுக்கு முன்னாலேயே களத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்கு. தாமதமாக வந்ததால் தள்ளுபடியான வேட்புமனுவைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். இவருடைய மனு சீக்கிரம் வந்ததால் தள்ளுபடியானது. வெறும் 14 நாள். அந்த 14 நாளில்தான் இந்த ஊரின் அரசியலே ஒளிந்திருக்கிறது என்பேன், ஏனென்றால் அந்த வழக்கின் அடியில் இருந்த கேள்வி தேதியைப் பற்றியது இல்லை, "நீ இந்த ஊர்க்காரனா?" என்பதுதான்.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம்.

1950-ல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18.5 லட்சம். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், க்ரைஸ்லர் மூன்றும் சேர்ந்து வளர்த்த ஊர். 2010 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 7,13,777 பேர். ஆள் குறைந்தது, ஊர் சுருங்கவில்லை. சுமார் 360 சதுர கிலோமீட்டர் அப்படியே கிடக்கிறது, அவ்வளவு தூரத்துக்கும் குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பம், தீயணைப்பு நிலையம் எல்லாம் வேண்டும். பதினெட்டுப் பேர் வாழ்ந்த கூட்டுக்குடும்ப வீட்டில் ஏழு பேர் மிஞ்சி, அதிலும் சம்பாதிக்கிறவர்கள் கொஞ்சம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு மாற்றுகிற செலவு பதினெட்டுப் பேர் வீட்டுக்கு ஆகிற செலவுதான், ஏழு பேர்தானே என்று கொத்தனார் கூலியைக் குறைக்கமாட்டார்.

போனவர்கள் ஏன் போனார்கள் என்பதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. தொழிற்சாலைகள் 1950-களிலேயே புறநகருக்கு நகரத் தொடங்கிவிட்டன, அகலமான நெடுஞ்சாலைகள் வந்தன, வீட்டுக் கடன் வெள்ளையர்களுக்குச் சுலபமாகவும் கறுப்பினத்தவர்களுக்குக் குதிரைக் கொம்பாகவும் இருந்தது. 1967 கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு வெள்ளையர்கள் கிளம்பிய வேகம் கூடியது. நகரத்தின் வடக்கு எல்லை எட்டாம் மைல் சாலை. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளையர் புறநகர், இந்தப் பக்கம் கறுப்பினத்தவரின் நகரம் என்று ஒரு கோடு விழுந்தது. 1974-ல் முதல் கறுப்பின மேயராகப் பதவியேற்ற கோல்மன் யங், குற்றவாளிகள் எல்லோரும் எட்டாம் மைல் சாலையைப் பார்த்து நடையைக் கட்டட்டும் என்று பதவியேற்பு உரையில் சொன்னதைப் புறநகர்க்காரர்கள் கடைசி வரை மறக்கவில்லை. அவர்களுக்கு அது தங்கள் பக்கம் திருடனை அனுப்புகிற பேச்சு, நகரத்தில் இருந்தவர்களுக்கு நம் ஆள் ஒருவர் நிமிர்ந்து பேசிய பேச்சு. அப்புறம் கறுப்பின நடுத்தர வர்க்கமும் மெல்ல மெல்ல வெளியேறியது. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம்: நகராட்சி ஊழியர்கள் நகரத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 1999-ல் மாநில அரசு ஒரு சட்டம் போட்டு எடுத்துவிட்டது. போலீஸ்காரர், தீயணைப்பு வீரர் என்று நிலையான சம்பளம் வாங்கிய குடும்பங்கள் கையில் சாவியைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது அது.

வரி கட்டுகிறவர்கள் போய்விட்டால் நகராட்சி என்ன செய்யும்? கடன் வாங்கும். 2005-ல் க்வாமே கில்பேட்ரிக் மேயராக இருந்தபோது ஓய்வூதிய நிதியில் விழுந்த ஓட்டையை அடைக்க 144 கோடி டாலர் அளவுக்குக் கடன் பத்திரங்கள் விற்றார்கள். வட்டி ஏறும் என்று நினைத்து அதன் மேல் ஒரு ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள். வட்டி இறங்கியது. கிட்டத்தட்ட சூதாட்டம்தான், நகரம் தோற்றது. கில்பேட்ரிக் 2008-ல் வேறொரு விவகாரத்தில் பதவி விலகி, 2013 மார்ச்சில் ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 28 ஆண்டு தண்டனை பெற்றார் (2021-ல் டிரம்ப் அதைக் குறைத்து வெளியே விட்டது தனிக் கதை). ஆனால் எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். அவர் பிறப்பதற்கு முன்னாலேயே ஊர் காலியாகத் தொடங்கியிருந்தது.

2013-ல் நிலைமை எப்படி இருந்தது என்றால், தெருவிளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை. பல கம்பங்களில் பல்பு மட்டும் போனதில்லை, உள்ளே ஓடிய செப்புக் கம்பியையே உருவிக்கொண்டு போய் எடைக்குப் போட்டுவிட்டார்கள். சுமார் 78,000 கட்டடங்கள் ஆளில்லாமல் கிடந்தன. நகரத்தின் 36 ஆம்புலன்ஸ்களில் ஒரு நேரத்தில் ஓடக்கூடிய நிலையில் இருந்தவை மூன்றில் ஒரு பங்குதான். அவசரம் என்று போலீசைக் கூப்பிட்டால் வந்து சேர சராசரியாக 58 நிமிடம், அதே நேரத்தில் நாட்டின் சராசரி 11 நிமிடம் என்று மாநில அரசு அனுப்பிய நிர்வாகி தன் அறிக்கையில் எழுதினார்.

யார் இந்த மாநில அரசு அனுப்பிய நிர்வாகி? இங்கேதான் கதை விசித்திரமாகிறது. டெட்ராய்ட் மாதிரி பல அமெரிக்கப் பெரிய நகரங்களில் மேயர் என்றால் முழு நிர்வாகமும் அவர் கையில். போலீஸ் தலைவரை அவர்தான் நியமிப்பார், பட்ஜெட்டை அவர்தான் போடுவார், மக்கள் நேரடியாக அவருக்கே ஓட்டுப் போடுவார்கள். ஆனால் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்தது: நகராட்சி நொடித்துப் போனால் ஆளுநர் ஒரு அவசரகால நிர்வாகியை நியமிக்கலாம், அவர் வந்ததும் மேயரும் கவுன்சிலும் அவர் கொடுத்தால் மட்டுமே அதிகாரம் உள்ளவர்கள். (ஆளுநர் என்றால் இங்கே மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம் முதல்வர் மாதிரி.) அந்தச் சட்டத்தை 2012 நவம்பரில் மாநில மக்களே பொதுவாக்கெடுப்பில் ரத்து செய்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் கிட்டத்தட்ட அதே சட்டத்தைக் கொஞ்சம் மாற்றி, கூடவே ஒரு நிதி ஒதுக்கீட்டையும் செருகி மறுபடி நிறைவேற்றியது. நிதி ஒதுக்கீடு உள்ள சட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விட முடியாது என்பது அந்த மாநில விதி. எவ்வளவு தெளிவான வேலை பாருங்கள்.

2013 மார்ச் 14 அன்று ஆளுநர் ரிக் ஸ்னைடர், கெவின் ஓர் என்ற வழக்கறிஞரை டெட்ராய்ட்டின் அவசரகால நிர்வாகி ஆக்கினார். க்ரைஸ்லர் கம்பெனி 2009-ல் திவாலானபோது அதன் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர் இந்தக் கெவின் ஓர். திவால் வழக்கறிஞரைக் கூட்டி வந்தால் எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அப்போது மேயராக இருந்த டேவ் பிங், பழைய கூடைப்பந்து நட்சத்திரம், மறுபடி நிற்கப் போவதில்லை என்று வேட்புமனுவின் கடைசி நாளில் ஒதுங்கிக்கொண்டார்.

ஆக, பணம் இல்லை, அதிகாரம் இல்லை, விளக்குகூட இல்லை. இப்படிப்பட்ட பதவிக்குத்தான், கெவின் ஓர் நியமிக்கப்பட்டு மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், டகன் ஓடிப்போய் மனு கொடுத்தார்.

டகன் வெள்ளையர். நகர மக்களில் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பினத்தவர், 1974-க்குப் பிறகு வெள்ளையர் யாரும் அங்கே மேயராக இருந்ததில்லை. அவர் பிறந்தது டெட்ராய்ட்டில்தான், பல வருஷம் வேலை பார்த்ததும் டெட்ராய்ட் அடங்கிய வெய்ன் மாவட்ட நிர்வாகத்தில்தான். அங்கே இரண்டாம் இடத்தில் இருந்தார், அப்புறம் மாவட்ட அரசு வழக்கறிஞர், 2004 முதல் 2012 வரை டெட்ராய்ட் மெடிக்கல் சென்டர் என்ற மருத்துவமனைக் குழுமத்தின் தலைவர். நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்த மருத்துவமனைகளை நிமிர்த்தினார் என்பதுதான் அவர் காட்டிய அடையாள அட்டை. அவசரப் பிரிவுக்கு வந்தால் 29 நிமிடத்துக்குள் டாக்டர் பார்ப்பார் என்று அந்தக் குழுமம் உத்தரவாதம் கொடுத்து விளம்பரம் செய்தது. போலீஸ் வர 58 நிமிடம் ஆகிற ஊரில், டாக்டர் 29 நிமிடத்தில் வருவார் என்று சொன்ன ஆள் ஓட்டுக் கேட்கிறார்! இதைவிட நல்ல தேர்தல் அறிக்கையை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஆனால் ஒரு சிக்கல். வேலை டெட்ராய்ட்டில், குடியிருப்பு லிவோனியாவில். லிவோனியா என்பது பக்கத்தில் உள்ள புறநகர், அப்போது ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்கள் வாழ்ந்த ஊர். மேயராக வேண்டும் என்பதற்காக 2012-ல்தான் அவர் நகரத்துக்குள் வீடு வாங்கிக் குடிவந்தார், அந்த ஆண்டு ஏப்ரல் 16 அன்று டெட்ராய்ட் வாக்காளராகப் பதிந்தார்.

அதே 2012-ல் அமலுக்கு வந்த புதிய நகரச் சாசனம் சொல்வது: வேட்பாளர் மனு கொடுக்கும் நேரத்தில் ஒரு வருஷமாக நகரத்தில் வசிப்பவராகவும் பதிவான வாக்காளராகவும் இருக்க வேண்டும். ஏப்ரல் 16-லிருந்து ஒரு வருஷம் எண்ணுங்கள். ஏப்ரல் 2-க்கு 14 நாள் குறைகிறது. அவர் மே மாதம் சாவகாசமாகப் போய் மனு கொடுத்திருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க முடியாது.

டாம் பாரோ என்ற இன்னொரு வேட்பாளர் இதைப் பிடித்துக்கொண்டார். கோல்மன் யங்கை எதிர்த்தே இரண்டு முறை நின்றவர், பழுத்த ஆள். ஒரு வருஷத்தைக் கடைசித் தேதியிலிருந்து எண்ண வேண்டும், அப்படி எண்ணினால் கணக்குச் சரியாக வருகிறது என்பது டகன் தரப்பு வாதம். நகரத்தின் தேர்தல் குழுவும் அதை ஏற்று அவர் பெயரை வாக்குச்சீட்டில் சேர்த்திருந்தது. ஆனால் ஜூன் 11 அன்று நீதிபதி சாசனத்தில் உள்ள வார்த்தையையே பார்த்தார். மனு கொடுக்கும் நேரம் என்றால் மனு கொடுத்த நேரம். பெயரை எடுங்கள். ஒரு வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. வாக்குச்சீட்டு அச்சுக்குப் போக வேண்டிய நேரம், இனி வழக்கு நடத்திப் பிரயோஜனம் இல்லை என்று டகன் போட்டியிலிருந்து விலகினார்.

சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது, கொஞ்சம் கடுமையானது, ஆனால் சரி. வரியில் இருப்பது அதுதான். அதே நேரத்தில் ஒரு விஷயத்தையும் மறைக்க வேண்டியதில்லை: பாரோ எண்ணியது 14 நாளை இல்லை, லிவோனியாவில் கழிந்த அத்தனை வருஷத்தையும். வெளியே போய் வசதியாக வாழ்ந்துவிட்டு, ஊர் விலைக்கு வரும் நேரத்தில் திரும்பி வந்து நாற்காலி கேட்கிறார் என்பதுதான் பலருடைய மனத்தாங்கல். ஏற்கெனவே மாநில அரசு ஒரு ஆளை மேலே உட்கார வைத்திருக்கிறது, இப்போது மேயராகவும் ஒரு வெளியூர்க்காரரா? கறுப்பின மக்கள் ஐம்பது அறுபது வருஷம் போராடிக் கையில் எடுத்த நகரம் அது. இந்தக் கோபத்தை வெறும் இனவாதம் என்று ஒதுக்கினால் ஊரைப் புரிந்துகொள்ள முடியாது.

கொஞ்ச நாள் கழித்து டகன் திரும்பி வந்தார். வாக்குச்சீட்டில் பெயர் இல்லை, ஆனாலும் நிற்கிறேன், நீங்களே என் பெயரை எழுதுங்கள் என்றார்.

இது எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இது நம் ஆட்களுக்குப் பழக்கமில்லாத முறை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வாக்குச்சீட்டில் அச்சிட்ட பெயர்களுக்குக் கீழே ஒரு காலிக் கோடு இருக்கும். யாரைப் பிடிக்கவில்லையோ அவர்களை விட்டுவிட்டு, உங்களுக்குப் பிடித்தவர் பெயரை அந்தக் கோட்டில் கையால் எழுதலாம், அவர் முன்கூட்டியே பதிந்திருந்தால் அந்த ஓட்டு செல்லும். ஆனால் பெயர் எழுதினால் மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டம் இருக்கும், அதையும் மையால் நிரப்ப வேண்டும். எண்ணுகிற இயந்திரத்துக்கு எழுத்து படிக்கத் தெரியாது, நிரம்பிய கட்டம் மட்டும்தான் தெரியும், கட்டத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சீட்டைத் தனியாக எடுத்து மனிதர்கள் பெயரைப் படிப்பார்கள். கட்டத்தை விட்டுவிட்டால் அழகாக எழுதிய பெயரும் வீண். ஆகவே ஓட்டுக் கேட்கப் போகிற தொண்டர் "எங்களுக்குப் போடுங்கள்" என்று கைகூப்பிவிட்டு வர முடியாது. உட்கார வைத்து, கட்டத்தை நிரப்பு, அப்புறம் பெயரை எழுது, இரண்டையும் செய் என்று ஆரம்பப் பள்ளி வாத்தியார் மாதிரி சொல்லிக்கொடுக்க வேண்டும். வயசான பாட்டிகள், கண் சரியாகத் தெரியாதவர்கள், எழுதவே கூச்சப்படுகிறவர்கள் எல்லோருக்கும்.

இந்த நேரத்தில் இன்னொரு கூத்து. டகன் பெயரோடு ஒரே ஒலியில் வரும், எழுத்து மட்டும் கொஞ்சம் மாறும் பெயருடைய ஒரு முடிதிருத்துபவரும் அதே மாதிரி கையால் பெயர் எழுதிப் போடும் ஓட்டுக்கான வேட்பாளராகப் பதிந்துகொண்டார். வாக்காளர் எழுத்துப்பிழையோடு எழுதினால் ஓட்டு யாருக்கு? வேட்பாளர் பெயரிலேயே இன்னொருவரை நிறுத்தி ஓட்டைப் பிரிக்கிற வித்தை நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6 முதல்கட்டத் தேர்தல். அங்கே நகராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, எல்லோரும் ஒரே சீட்டில், முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள். அச்சிட்ட பெயர் இல்லாத டகன் முதலில் வந்தார். வெய்ன் மாவட்ட ஷெரிஃப் பென்னி நெப்போலியன் இரண்டாவது. அதோடும் முடியவில்லை. கையால் பெயர் எழுதிய ஓட்டுகளைச் சில வாக்குச்சாவடிகளில் எண்ணியவர்கள் நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு போடும் முறையில் குறிக்காமல் நேராக எண்ணாக எழுதிவிட்டார்கள் என்று 18,000-க்கு மேற்பட்ட ஓட்டுகளை என்ன செய்வது என்ற தகராறு வந்தது. மாவட்டக் குழு முடிவை உறுதிசெய்ய மறுத்தது, மாநிலக் குழு எடுத்துப் பார்த்துச் செல்லும் என்றது. கடைசிக் கணக்கில் டகனுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல், நெப்போலியனுக்குச் சுமார் 30 சதவீதம்.

எப்படி முடிந்தது? வணிகர்கள் கொட்டிய பணம் ஒரு காரணம், அதை மறுக்க முடியாது. டகனை ஆதரித்த வெளி அமைப்பு ஒன்றே தேர்தலில் லட்சக்கணக்கில் டாலரை இறக்கியது. ஆனால் பணம் டிவி விளம்பரம் வாங்கும், ஒருவரை உட்கார்ந்து பெயர் எழுத வைக்காது. அதற்கு முன்னால் ஒரு வருஷமாக டகன் செய்த வேலை ஒன்று உண்டு. யாராவது கூப்பிட்டால் போதும், அவர்கள் வீட்டு வரவேற்பறையில் போய் உட்காருவார். இருபது முப்பது அண்டை வீட்டுக்காரர்கள் சோபாவிலும் மாடிப்படியிலும் உட்கார்ந்திருப்பார்கள். இவர் பேசி முடித்ததும் அவர்கள் கேட்பார்கள்: எதிர் வீடு எரிந்து கிடக்கிறது, எப்போது இடிப்பீர்கள்? எங்கள் முனை விளக்கு எப்போது எரியும்? இப்படி நூற்றுக்கணக்கான வீடுகள். மேடையில் நிற்கிற வெள்ளைக்காரரை வெறுக்கலாம், உங்கள் சோபாவில் உட்கார்ந்து உங்கள் காபியைக் குடித்துக்கொண்டு குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று குறித்துக்கொள்கிற ஆளை வெறுப்பது கொஞ்சம் கஷ்டம். நீதிமன்றம் அவரை வெளியே தள்ளியதும் அந்த வரவேற்பறைக்காரர்கள்தான் பென்சிலோடு தெருவுக்கு வந்தார்கள். தள்ளுபடியான மனு அவருக்கு நஷ்டத்தைவிட லாபத்தையே கொடுத்தது என்பது என் எண்ணம். அதுவரை அவர் பணக்காரர்களின் வேட்பாளர், அதற்குப் பிறகு அநியாயமாக வெளியே தள்ளப்பட்டவர்.

நெப்போலியன் சாதாரண ஆள் இல்லை. டெட்ராய்ட்டிலேயே பிறந்து வளர்ந்து, போலீஸில் சேர்ந்து, நகரின் போலீஸ் தலைவராகவே ஆனவர். நகரம் 139 சதுர மைல், ஒவ்வொரு சதுர மைலுக்கும் ஒரு போலீஸ் அதிகாரியைப் பொறுப்பாக நிறுத்துவேன் என்றார். நல்ல யோசனைதான், ஆனால் போலீஸ் யார் கையில் இருக்கும்? புதிய மேயர் கையில் இல்லை, கெவின் ஓரின் கையில். நான் ஊர்க்காரன் என்ற அவருடைய பலமான வாதமும் பாதி வேலை செய்யவில்லை. ஊர்க்காரரான கில்பேட்ரிக்கைப் பார்த்தாயிற்று, ஊர்க்காரர்தான் வேண்டும் என்று சொன்னவர்களுக்கே விளக்கு எரிய வேண்டும் என்பது பெரிதாகிவிட்டது.

நடுவில், ஜூலை 18 அன்று, டெட்ராய்ட் திவால் மனு தாக்கல் செய்தது. சுமார் 1,800 கோடி டாலர் கடன். அமெரிக்க வரலாற்றில் அவ்வளவு பெரிய நகரம் அதற்கு முன் திவாலானதில்லை. இரண்டு வேட்பாளர்களும் அவசரகால நிர்வாகி கூடாது என்றே பேசினார்கள், பேச மட்டுமே முடிந்தது. நகரத்தின் எதிர்காலத்தை மாற்றுகிற பெரிய முடிவுகள் நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸின் அறையில் நடந்துகொண்டிருந்தன. ஓய்வுபெற்ற ஊழியர்களின் ஓய்வூதியத்தை எவ்வளவு வெட்டுவது, நகரத்துக்குச் சொந்தமான அருங்காட்சியகத்தின் ஓவியங்களை விற்பதா என்பதெல்லாம் ஓட்டுப் போட்டு முடிவாகவில்லை. கடைசியில் அறக்கட்டளைகள், மாநில அரசு, அருங்காட்சியகம் மூன்றும் சேர்ந்து 81.6 கோடி டாலர் திரட்ட, ஓவியங்கள் தப்பின. பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் போனது, விலைவாசிக்கு ஏற்றபடி ஏறும் பங்கும் போனது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வில் உட்கார்ந்தவருக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிய அடி.

நவம்பர் 5 தேர்தலில் டகன் 55, நெப்போலியன் 45. பதிந்த வாக்காளர்களில் சுமார் நாலில் ஒருவர்தான் ஓட்டுப் போட வந்தார்கள். அதிகாரமே இல்லாத பதவிக்கு வரிசையில் நிற்க மற்றவர்களுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

வென்ற பிறகு டகன் கெவின் ஓரை எதிர்த்து அறிக்கை விடவில்லை, உட்கார்ந்து பேரம் பேசினார். நிதியும் போலீஸும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், விளக்கு, பஸ், தீயணைப்பு, பாழடைந்த வீடு, பூங்கா இதெல்லாம் எனக்கு. டிசம்பரில் கையெழுத்தானது. அவருடைய ஆதரவாளர்களிலேயே சிலருக்கு இது சரணாகதியாகத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட பட்டியலைப் பாருங்கள், வரவேற்பறைகளில் மக்கள் கேட்ட எல்லாமே அதில் இருக்கிறது. கடன் கணக்கு ஓருடைய தலைவலி, அதில் வந்த கெட்ட பெயரும் ஓருக்கு.

தெருவிளக்குகள் 2016 டிசம்பரில் முடிந்தன. சுமார் 65,000 புதிய எல்இடி விளக்குகள், 18.5 கோடி டாலர் செலவு. பழைய எண்ணிக்கை அதைவிட அதிகம். ஆள் இல்லாத தெருக்களுக்கு இனி வேண்டாம் என்று குறைத்துத்தான் போட்டார்கள். சொல்லப்போனால் இதற்கான தனி ஆணையம் டகன் வருவதற்கு முன்பே மாநிலச் சட்டத்தால் அமைந்துவிட்டது, அதற்கான பாராட்டு முழுக்க அவருக்குப் போவது நியாயமில்லை. ஆனால் பொத்தானை அமுக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் முகம்தான் மக்களுக்கு நினைவிருக்கும். திவால் வழக்கு 2014 டிசம்பரில் முடிந்தது, மாநிலத்தின் நிதிக் கண்காணிப்பு 2018-ல் விலகியது, நகரம் வரவுக்குள் செலவு செய்தது. 2017-லும் 2021-லும் எழுபது சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்கிறவர்களை நான் நம்பமாட்டேன். 2014-ல் கட்டணம் பாக்கி என்று ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் குடிநீரை நிறுத்தினார்கள், ஐ.நா. நிபுணர்கள் வந்து பார்த்துக் கண்டிக்கும் அளவுக்குப் போனது. வீடு இடிக்கும் திட்டத்தில் ஒப்பந்தங்கள் எப்படிக் கொடுக்கப்பட்டன என்று மத்திய அரசின் விசாரணை வந்தது, 2016-ல் கொஞ்ச காலம் அந்த நிதியையே நிறுத்தி வைத்தார்கள். டகன் மேல் வழக்கு எதுவும் இல்லை, ஆனால் கறை கறைதான். எல்லாவற்றையும்விட மோசமானது சொத்து வரி. வீட்டு விலை அதலபாதாளத்துக்குப் போன பிறகும் நகராட்சி பழைய மதிப்பிலேயே வரி போட்டுக்கொண்டிருந்தது. 2010 முதல் 2016 வரை இப்படி அதிகமாக விதித்த வரி 60 கோடி டாலருக்குக் குறையாது என்று டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகை கணக்குப் போட்டது. கட்ட முடியாதவர்களின் வீடுகளை மாவட்டம் பறித்து 500 டாலர் ஆரம்ப விலைக்கு ஏலம் விட்டது. இந்தத் தப்பு டகன் காலத்துக்கு முன்பே தொடங்கியது, மறுமதிப்பீட்டை 2017-ல் அவர்தான் முடித்தார், ஆனால் அதற்குள் வீட்டை இழந்தவர்களுக்கு எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. நகர மையத்தில் புதிய ஹோட்டல்களும் அலுவலகங்களும் ஜொலிக்கும்போது, ஐந்து மைல் தள்ளி ஒரு தெருவில் பத்து மனைக்கு மூன்று வீடு நிற்கிற காட்சியும் அப்படியே இருக்கிறது.

டகன் தனக்குத் தானே ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டார். ஒரு மேயர் தேறினாரா என்று பார்க்க ஒரே கணக்குதான், மக்கள்தொகை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பதவியேற்ற புதிதில் சொல்லிவிட்டார். துணிச்சல்தான், ஆனால் அந்த வாக்கு அவரையே பல வருஷம் துரத்தியது. 2020 கணக்கெடுப்பில் 6,39,111 என்று வந்தது, இன்னும் இறக்கம்தான். எண்ணியதே தப்பு என்று கணக்கெடுப்புத் துறையோடு சண்டைக்குப் போனார். 2024 மே மாதம் வந்த புதிய மதிப்பீட்டில், 1957-க்குப் பிறகு முதல் தடவையாக, டெட்ராய்ட்டின் மக்கள்தொகை ஏறியிருந்தது. எவ்வளவு? இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. அந்தச் சின்ன எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அதே ஆண்டு டிசம்பரில், தன் ஜனநாயகக் கட்சியை விட்டு விலகி, 2026 ஆளுநர் தேர்தலில் சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார்.

2025 நவம்பரில் நகரம் அடுத்த மேயரைத் தேர்ந்தெடுத்தது: மேரி ஷெஃபீல்ட், கவுன்சில் தலைவர், டெட்ராய்ட்டின் முதல் பெண் மேயர். டெட்ராய்ட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் குடியிருப்புத் தேதியை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் முதல்முதலில் கவுன்சிலுக்கு ஜெயித்தது 26 வயதில், 2013-ல். கட்டத்தை நிரப்பி, கோட்டில் கையால் பெயர் எழுதிய அதே ஆகஸ்ட் வாக்குச்சீட்டில், அவருடைய தொகுதியில், அச்சிட்ட எழுத்தில் அவர் பெயரும் இருந்தது.